பன்னிரண்டாம் படி

சென்ற வாரம் என் அப்பா எங்கள் வீட்டு மாடிப்படியைக் கொன்றார்.

கொன்றார் என்பது கொஞ்சம் அதிகம் என்று அம்மா நினைக்கிறாள். ஆறு கிலோ சம்மட்டியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்து, மதியச் சோற்றுக்குள் ஒருவர் முடித்துவிட்ட காரியத்துக்கு வேறு நல்ல சொல் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

படி ஒரு தப்பும் செய்யவில்லை. பதின்மூன்று படிகளோடு பிறந்து, முப்பது வருடம் எங்களைச் சுமந்தது. இந்த மார்ச்சில், எங்கள் ஊரான லெமெரியில் மழைக்காலத்துக்கு மழைக்காலம் வரும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, அப்பா கீழ்த்தளத்தை உயர்த்தினார். அதில் அடிப்படி தரைக்குள் போய்விட்டது. மிச்சம் பன்னிரண்டு. நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. போன திங்கட்கிழமை காபிக் கோப்பையோடு மாடிக்கு ஏறிய அப்பா எங்கள் ஊர் வழக்கப்படி வாய்க்குள் எண்ணியிருக்கிறார். ஓரோ, பிளாத்தா, மாத்தா. பொன், வெள்ளி, சாவு, மறுபடி பொன். கடைசிப் படி சாவில் முடிந்தது. அவர் பாதிக் காபியோடு கீழே வந்து சம்மட்டியைத் தேடினார்.

அன்றைக்கே என் அக்கா ரோவேனா அவரிடம் ஒன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜொனெல் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். வியாழக்கிழமை ஜொனெல் கப்பலேறுகிறான், திரும்பி வர ஒன்பது மாதம். இதற்கு முன் இரண்டு முறை இந்தச் சடங்கைத் தள்ளி வைத்தாயிற்று. ஒரு முறை வீட்டுக்குக் கூரை இல்லை, இன்னொரு முறை மின்சாரம் இல்லை. ஜொனெலின் அம்மா புரிட்டா அம்மாள், நாலாவது முறைக்கு நாள் பார்க்க மாட்டேன், என் பையனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு புதுப்படி வார்க்கச் சென்ட்ரிங் பலகை வாங்கப் போய்விட்டார்.

பெண் கேட்டு வருவதற்கு எங்கள் பக்கத்துச் சொல் பமன்ஹிக்கான். படியேறி வருதல் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்தால்தான் அது சடங்கு. தரையில் நின்று பேசிவிட்டுப் போனால் அது விசாரிப்பு. ஆக, படி என்பதைத் தவிர வேறு எது இல்லாமலும் நடத்தக்கூடிய ஒரு சடங்கின் வாரத்தில், அப்பா படியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கண் விழித்தபோது பல்லுக்கிடையில் சிமென்ட் இருந்தது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் சிமென்ட் இருக்கிறது. தலையணையில், சர்க்கரை டப்பாவில், பத்தங்காஸ் கல்லூரியில் பேராசிரியரிடம் நான் கொடுக்கும் தாள்களில். சோற்றில் மணல் கடிபட்டால் அப்பா தட்டை எட்டிப் பார்த்து, ஆற்று மணல், நல்ல மணல் என்பார்.

ஜன்னலில் சாத்தியிருந்த மூங்கில் ஏணி வழியாகக் கீழே இறங்கினேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மாடிக்கு அதுதான் வழி.

அப்பா புதுப்படிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பூவாளி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற பக்குவம். எங்களுக்கு அவர் ஊற்றியதே இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டார். நேற்று சாயங்காலம் மேல்பூச்சு. தனி ஆளாக. அவர் எப்போதுமே தனி ஆள்தான். கொத்தனார் வைத்தால் ஒரு மாதத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவான் என்பது அவர் பயம். குளியலறைச் சுவருக்குப் பச்சை டைல்ஸ் ஒட்டியபோது ஒரு நாளைக்கு நாலே நாலு. ஒட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த நாலையும் பார்ப்பார். ஐந்தாவது ஒட்டினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அஞ்சாவது நாளைக்கு இருக்கட்டுமே என்றார், மிட்டாயை மிச்சம் வைக்கிற பையன் மாதிரி.

"தொட்டுப் பாரு," என்றார் இப்போது, திரும்பாமல்.

"வேண்டாம்."

"ஒரு தடவ தொட்டுப் பாருடா."

தொட்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக, முட்டை ஓட்டின் வழவழப்போடு இருந்தது. கை தானாக அடுத்த படிக்குப் போனது. விளிம்பை லேசாக உருட்டியிருந்தார், அந்த வளைவு முழுவதும் விரல் தடங்கலே இல்லாமல் ஓடியது. மூன்றாவது படியைத் தடவும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. கையை உதறி சட்டையில் துடைத்தேன். இந்த வீட்டில் இதுவரை எனக்கு வராத ஒரே வியாதி இது.

"பதினொண்ணு," என்றார் அப்பா. "ஒவ்வொண்ணுக்கும் ஒயரத்த அரை அங்குலம் கூட்டினேன். பதினொண்ணுல நின்னுது. வெள்ளி."

இன்றைக்கு எப்படி அவர்கள் ஏறுவார்கள் என்று கேட்டேன். பூவாளி ஒரு நொடி நின்றது. ஏழு நாளைக்கு இதில் யாரும் காலே வைக்கக்கூடாது என்றார்.

மேலே ஜன்னலில் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டாள், கேள்வியைப் பலகையில் எழுதிப்போடுகிற மாதிரி பேசுவாள். தலையில் முடிக்குச் சுருள் கட்டைகளும் உடம்பில் மஞ்சள் கவுனுமாக ஏணியில் இறங்கி வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

புரிட்டா அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை, எடை எண்பது கிலோவுக்கு மேல், மூங்கில் ஏணியில் ஜன்னல் வழியாக அவரை ஏற்றலாமா என்று கேட்டாள். அப்பா அதை உண்மையிலேயே யோசித்தார். ஏணி தாங்கும் என்றார்.

கீழேயே உட்காரவைத்தால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு மூவரும் கீழ்த்தளத்தைப் பார்த்தோம். வரவேற்பறை நடுவில் குழாய்க்காக வெட்டிய பள்ளம். சமையலறை இருந்த இடத்தில் ஜல்லிக் குவியல். படிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அப்பா கண்டுபிடித்த பழைய செப்டிக் டேங்க், அதன் வாய்க்கு மேல் ஒரு பிளைவுட். இந்த வீட்டிலிருந்த ஒரே பிளைவுட் அதுதான். அதை மீறி வரும் வாசனைக்கு ஐந்து நாளில் எங்கள் மூக்கு பழகியிருந்தது. அதுதான் அதில் மிக அருவருப்பான விஷயம்.

"அப்பா, நா ஒண்ணுதான் கேக்கறேன்," என்றாள் அக்கா. "அவங்க வரணும், படியேறணும், ஒக்காந்து பேசி நாள் குறிக்கணும். இன்னிக்கு. இது நடக்கலேன்னா இந்த வீடு எப்ப முடிஞ்சாலும் அதுல நா இருக்கமாட்டேன்."

"அவசரப்பட்டா பூச்சு கெட்டுடும்மா."

"எப்பப்பா முடிப்பீங்க?"

அப்பா நேர்மையான மனிதர். "முடிச்சிட்டா அப்புறம் ஞாயித்துக்கெழமைல நா என்ன பண்றது?" என்றார்.

அக்கா சுருள் கட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அம்மா குளியலறையில் சமைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வேலை முடிந்த அறை அது ஒன்றுதான், ஆகவே நாலு மாதமாக அதுதான் சமையலறை. ஷவருக்குக் கீழே கேஸ் அடுப்பு. இன்னும் தண்ணீர் இணைப்பு கொடுக்காத புத்தம்புதுக் கம்மோடின் மூடிமேல் பலகை வைத்து அம்மா வெங்காயம் நறுக்குவாள். யாரும் அதை ஒரு நாளும் உபயோகித்ததில்லை, கடையில் இருந்த மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரியும். இருந்தாலும் நாலு மாதமாக வெங்காயம் எனக்கு இறங்குவதில்லை. உபயோகிக்க நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போகிறோம். அங்கேயுள்ள கிழவர் எங்களுக்காக நேரப்பட்டியல் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பத்தேகாலுக்கு ஜீப்பில் வந்தார்கள். புரிட்டா அம்மாள், ஜொனெல், அவர்கள் உறவுக்காரர்கள் நாலு பேர், வாழையிலையில் சுற்றிய முழுப் பன்றி ஒன்று. பன்றி மட்டும் முகம் சுளிக்கவில்லை.

புரிட்டா அம்மாள் வாசலிலேயே நின்றாள். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினாள். பக்கத்து ஊரான பலாயானில் உப்பில் மீனை ஊறவைத்துச் செய்கிற பாகூங் விழுதுக்கு எங்கள் மாவட்டம் முழுவதும் பேர். "பாகூங்கா?" என்றாள். "நல்லா ஊறிப்போச்சு போல. பலாயான் சரக்கா?"

"இல்லக்கா," என்றார் அப்பா பிளைவுட்டைப் பார்த்தபடி. "நம்ம வீட்லயே ஆனது."

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் பாதிதான் பூசியிருந்தது.

அக்கா மேலே மாடி விளிம்பில் நின்றிருந்தாள், பெண் மேலே இருக்கவேண்டும் என்பது முறை. ஜொனெல் கீழேயிருந்து கை காட்டினான். அவன் கப்பலில் இயந்திர அறைக்காரன். பெரிய கை, சின்னக் குரல். அக்கா அவனுக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா படிக்கு முன்னால் கைகளை லேசாக விரித்து நின்றிருந்தார், யாரும் ஏறக் கேட்காதபோதே.

ஆனால் அவரைத் தாண்டிப் புரிட்டா அம்மாள் படியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மோவாய் ஒவ்வொரு படியாக ஏறியது. ஓரோ, பிளாத்தா, மாத்தா. மேலே போய்ச் சேர்ந்ததும் நின்றது.

"சென்சியோ," என்றாள் அப்பாவைப் பெயர் சொல்லி. "இதுல ஏறமாட்டேன். சாவுல முடியுது."

"பதினொண்ணுக்கா. வெள்ளி."

"பன்னண்டு."

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். பதினொன்று. புரிட்டா அம்மாள் விரலை நீட்டி மாடித் தரையைக் காட்டினாள். கால் வைக்கிற கடைசி இடம் அதுதானே, அதை எண்ணாமல் விட்டால் பாதி வழியில் நிற்கிற கணக்கு அல்லவா என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தால் ஊரில் அவர்கள் குடும்பம் நாலு தலைமுறையாக மாடித் தரையையும் சேர்த்துத்தான் எண்ணுமாம். அப்பா, மாடித் தரை படி இல்லை, தரை என்றார். இந்தத் தொனியில் அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. உறவுக்காரர்களில் இரண்டு பேர் அப்பா பக்கம், இரண்டு பேர் புரிட்டா அம்மாள் பக்கம். பன்றி வெயிலில் வியர்த்தது.

"முன்னாடி எத்தன இருந்துது?" என்று கேட்டாள் புரிட்டா அம்மாள்.

"பன்னண்டு. சாவுல நின்னுது. ஒடச்சிட்டேன்."

"பன்னண்டும் தரையும் பதிமூணு. பொன்னு." அவள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல படிய எதுக்கு ஒடச்ச?"

ஐந்து நாளாக நாங்கள் ஜன்னல் வழியாகத் தூங்கப் போனது, செப்டிக் டேங்க் திறந்தது, எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கிவிட்டது. அப்பா பூவாளியைக் கையிலெடுத்தார். நான் அவருக்காக வருத்தப்பட்டிருக்கலாம். அருவருப்பில் இடம் இருக்கவில்லை.

புரிட்டா அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். தன் பையன் சாவில் ஏறிப் பெண் எடுக்கமாட்டான் என்று ஜீப்பைப் பார்த்துச் சொன்னாள். ஜொனெல், அம்மா, அம்மா என்று இரண்டு முறை சொன்னான்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா மேலேயிருந்து.

குரல் கரும்பலகைக் குரல். கண் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா கணக்குல வர்ற எண் மூணால வகுபடக்கூடாது. அதுகூட ஒண்ணு சேத்தாலும் வகுபடக்கூடாது. பதினொண்ணு ஆகாது, பன்னண்டும் ஆகாது. பதிமூணு ஆகும். ஜெரிக்கோ, கீழ ரெண்டு படி வை."

ஜெரிக்கோ என்பது நான். எக்காளம் ஊதியே மதில் விழுந்த ஊரின் பெயர் என்று எங்கள் பாதிரியார் சொல்வார். இந்த வீட்டில் இப்படி ஒரு பெயர் வைத்தது எதையோ முன்கூட்டி ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது.

பிரிக்காத டைல்ஸ் பெட்டி ஒன்றைத் தரையில் படுக்கப்போட்டேன். அதற்கும் முதல் படிக்கும் நடுவில் ஒரு ஹாலோ பிளாக்கைப் படுக்க வைத்தேன். அக்கா மேலேயிருந்து எண்ணச் சொன்னாள். அப்பாவுக்குப் பதின்மூன்று, பொன். புரிட்டா அம்மாளுக்குப் பதினாலு, வெள்ளி. இரண்டு பேரும் தனித்தனியாக இன்னொரு முறை எண்ணினார்கள். அக்காவை நம்பாமல் அல்ல, சந்தோஷத்துக்காக.

மிச்சம் இருந்தது பூச்சு.

புரிட்டா அம்மாள் டைல்ஸ் பெட்டியில் கால் வைத்தாள். அப்பா விலகவில்லை. பூவாளியை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவர் கண் அம்மாளின் காலில் இருந்த செருப்பில் இருந்தது, குதிகாலில் இருந்தது. அக்கா மேலேயிருந்து அவரையே பார்த்தாள். வாய் திறந்திருந்தால் அவர் ஏதாவது பதில் வைத்திருப்பார்.

"அக்கா," என்றார் அப்பா கடைசியில். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. மெதுவா. ஓரமா."

அவர் ஒதுங்கி நின்று தோளைக் கொடுத்தார். புரிட்டா அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், பின்னால் ஜொனெல், பின்னால் உறவுக்காரர்கள், கடைசியில் ஆளுக்கொரு காலாகப் பன்றி. வெறுங்கால்களின் கீழே பூச்சு லேசாக அமுங்கி அமுங்கி எழுந்தது. எழவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொரு படியிலும் கட்டைவிரல் முட்டியோடு ஒரு பெரிய பாதம் பதிந்திருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் எல்லாம் முறைப்படி நடந்தது. புரிட்டா அம்மாள் பெண் கேட்டாள். அப்பா தருகிறேன் என்றார், கண் படிப்பக்கம் இருந்தது. அடுத்த மே மாதம் இரண்டாவது சனி என்று நாள் குறித்தார்கள். அம்மா எலும்புச் சூப் கொண்டுவந்து வைத்தாள். புரிட்டா அம்மாள் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, இந்த ருசி எங்கள் சமையலறையில் வராது என்றாள். வர வாய்ப்பில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டாள். அக்கா சிரித்தாள். ஆறு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பன்றியின் தோலைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள், சின்ன வயதில் வைக்கிற மாதிரி.

அப்போதுதான் அப்பாவும் ஜொனெலும் இருக்கையில் இல்லை என்று கவனித்தோம்.

கீழே எட்டிப் பார்த்தேன். நாலாவது படியருகே இருவரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ரசமட்டத்தைப் படியில் வைத்து நடுவில் நிற்கும் குமிழியைக் காட்டிக்கொண்டிருந்தார். ஜொனெல் கரணையால் தன் அம்மாவின் பாதத்தை அழித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய கை அவ்வளவு மெதுவாகப் போனது.

"குளுகுளுன்னு இருக்கு மாமா," என்றான். "கப்பல்ல எங்க கை வெச்சாலும் சூடு. ஒண்ணையும் இப்பிடித் தொட்டுப் பாக்க முடியாது."

"அழுத்தாத. அதுவா வரும்."

"கைப்பிடி எப்ப வெப்பீங்க?"

"அதுக்குள்ளயா? மரம் பாக்கவே ரெண்டு வாரம் ஆகும்."

ஜொனெல் கரணையை நிறுத்தினான். "ஏஜென்சில சொன்னா அடுத்த கப்பலுக்கு மாத்திக் குடுப்பாங்க மாமா. ஒரு மாசம் இங்க இருந்தா கைப்பிடி வரைக்கும் கூட இருந்து பாக்கலாம்ல?"

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் விவரிக்கப்போவதில்லை.

என் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"போன மாசம் கப்பல ஒரு வாரம் தள்ளிப் போடச் சொன்னேன்," என்றாள் கீழே பார்த்து. "அழுதேன். ஏஜென்சில பேர அடிச்சிருவாங்க, முடியவே முடியாதுன்ன."

ஜொனெல் நிமிர்ந்தான். கரணையைக் கீழே வைக்கவில்லை.

அக்கா உயரக் குதிகால் செருப்பு போட்டிருந்தாள், மஞ்சள், கவுனுக்குப் பொருத்தமாக. அதைக் கழற்றவில்லை. படியில் இறங்கினாள். பூச்சில் குதிகால் இறங்கும்போது டொக்கென்று கேட்காது. வேகவைத்த கிழங்கில் முள்கரண்டி போகிற மாதிரி கேட்கும். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது, ஓரமாக அல்ல, நட்டநடுவில். எண்ணவில்லை. குந்தியிருந்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் நடுவில் இறங்கி, டைல்ஸ் பெட்டியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்குப் போனாள். ஒரு டிரைசிக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு கிளம்புகிற சத்தம்.

யாராவது ஒருவர் எழுந்து ஓடுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"அரை அங்குலம்."

ஜொனெல் தெருவைப் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். மறுபடி தெருவைப் பார்த்தான்.

"அடைச்சிரலாமா மாமா?"

"அடைக்கலாம். ஆனா இன்னிக்கு வேண்டாம். காயட்டும்."

எனக்குப் பின்னால் புரிட்டா அம்மாள், மருமகள் எங்கே, அவள் கையால் ஒரு காபி கொண்டுவரச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.